தைராய்டு கட்டி, பெதஸ்டா 3: பாதியா, முழுவதுமா, காத்திருப்பதா?

தக்கலை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. தக்கலைக்குப் பக்கத்திலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நெடுநாள் கழுத்துவலிக்காக எடுத்த ஸ்கேனில், தைராய்டின் வலப்பக்க மடலில் 2.3 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. வெளியே வீக்கம் இல்லை, விழுங்குவதில் தடை இல்லை, குரலும் மாறவில்லை. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது கூடும்) 2.1 என்று இயல்பாகவே இருக்கிறது. பிறகு தைராய்டுக்கென்றே எடுத்த அல்ட்ராசவுண்டு அறிக்கையில், கட்டி முழுவதும் திடமானது, சுற்றியுள்ள திசுவைவிடக் கருமையாகத் தெரிகிறது, ஓரம் சீரானது, சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை, நெறிகட்டிகள் இல்லை, டை-ராட்ஸ் (ஸ்கேன் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தை அளக்கும் வகுப்பு) 4 என்று எழுதியிருக்கிறார்கள். கட்டியிலிருந்து செல்களை உறிஞ்சிப் பார்க்கும் ஊசிப் பரிசோதனையின் முடிவு, அதற்கான பெதஸ்டா வகைப்பாட்டில் 3.

அறுவை மருத்துவர்கள் இருவரைப் பார்த்தோம். நாகர்கோவிலில் பார்த்தவர், சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் ஒரே தடவையில் கவலை தீர்ந்துவிடும் என்கிறார். திருவனந்தபுரத்தில் பார்த்தவர், ஊசிப் பரிசோதனையை இன்னொரு முறை செய்துவிட்டுப் பேசுவோம், எடுக்க நேர்ந்தாலும் பாதி போதும் என்கிறார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள்தான். ஒருவரை நம்பி மற்றவரைத் தள்ளும் அளவுக்கு எனக்கு இந்த விஷயம் தெரியாது. நாள் முழுவதும் வகுப்பில் பேசுகிறவள் நான், ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறவளும்கூட. ஆகையால் புற்றுநோய் குறித்த பயத்துக்குச் சற்றும் குறையாமல் குரல் குறித்த பயமும் இருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்களும் விவரம் தெரிந்தவர்களும் எழுத வேண்டுகிறேன்.

பழையாறு:

டீச்சர், நான் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்களை நேரில் பரிசோதித்தவர்களின் சொல்லுக்கு என் பதிவு மாற்றாகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் டை-ராட்ஸ் எண்ணைப் பார்ப்போம். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் வெளியிட்ட முறைப்படி, கட்டியின் உள்ளமைப்பு, எதிரொலியின் அளவு, வடிவம், ஓரம், உள்ளே தெரியும் வெண்புள்ளிகள் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். உங்கள் கட்டி திடமானது என்பதற்கு 2, கருமையாகத் தெரிவதற்கு 2. மற்ற மூன்றிலும் பூச்சியம் என்றே அறிக்கையிலிருந்து தோன்றுகிறது. கூட்டினால் 4. நான்கு முதல் ஆறு வரை நான்காம் வகுப்பு. அந்த வகுப்பில் கட்டி 1.5 செ.மீ. அளவை எட்டினால் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். எனவே உங்களுக்கு ஊசிப் பரிசோதனை செய்தது முறையானதே. அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருப்பது, ஓரம் ஒழுங்கற்றுப் போவது, பொடிப் பொடியான வெண்புள்ளிகள் ஆகிய மூன்றும்தான் எங்களைத் திடுக்கிட வைப்பவை. அவற்றில் ஒன்றுகூட உங்கள் அறிக்கையில் இல்லை.

அடுத்தது பெதஸ்டா. அதில் ஆறு வகுப்புகள் உண்டு. ஒன்று என்றால் செல்கள் போதவில்லை, இரண்டு என்றால் தீங்கற்றது, ஆறு என்றால் புற்றுநோய். மூன்றாம் வகுப்பு என்பது, செல்களின் தோற்றத்தில் ஏதோ ஒன்று இயல்பாக இல்லை, ஆனால் அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று கண்ணாடிச் சில்லைப் பார்த்தவர் ஒப்புக்கொள்வதாகும். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி, இந்த வகுப்பில் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக 22 சதவீதம். அதிலும் செல்லின் உட்கருவில் மாற்றம் தெரிந்ததால் மூன்று கொடுத்தார்களா, வேறு காரணத்தாலா என்று இப்போது பிரித்து எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. உட்கரு மாற்றம் என்றால் வாய்ப்பு சற்றுக் கூடுதல். உங்கள் அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆய்வகத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

முட்டம்:

வணக்கம் டீச்சர். என் மனைவிக்கும் இதே போன்ற கட்டிதான். எங்களுக்கும் அறிக்கை தெளிவாக வரவில்லை. நாங்கள் முழுவதையும் எடுத்துவிட்டோம். தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறாள், மீன் விற்கிறாள், வீட்டைப் பார்க்கிறாள், எந்தக் குறையும் இல்லை. ஐந்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று பழையாறு சார் கணக்குச் சொல்கிறார்; அந்த ஒருவர் நீங்களாக இருந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பாதியை எடுத்து, அது புற்றுநோய் என்று வந்து, மறுபடியும் கழுத்தைத் திறப்பதைவிட, ஒரே முறையில் முடித்துக்கொள்வது மனத்துக்கும் பணத்துக்கும் நல்லது. முழுவதையும் எடுத்தவர்களுக்குப் பிற்பாடு கதிரியக்க அயோடின் கொடுப்பதும், இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதத்தின் அளவைப் பார்த்து நோய் திரும்புகிறதா என்று கண்காணிப்பதும் எளிது என்று எங்கள் மருத்துவர் விளக்கினார். நாகர்கோவில் மருத்துவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தோவாளைப் பிச்சி:

முட்டம் அண்ணனின் மனைவி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் முழுவதையும் எடுத்த எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் டீச்சர் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இடப்பக்க மடலை மட்டும் எடுத்தார்கள். என் நாத்தனாருக்கு முழுவதையும் எடுத்தார்கள். சுரப்பியின் பின்புறத்தில் அரிசியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைச் சீராக வைப்பவை அவைதான். முழுவதையும் எடுக்கும்போது நான்கும் அசைக்கப்படுகின்றன. பாதியை எடுத்தால் மறுபக்கத்து இரண்டும் தொடப்படாமல் தப்பிவிடுகின்றன. அறுவைக்கு மறுநாள் நாத்தனாருக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல மரமரப்பு வந்தது, கை விரல்கள் தாமாகக் குவிந்து இழுத்துக்கொண்டன. ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றிய பிறகே சரியானது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இது மாறிவிடும் என்றார்கள், அவளுக்கு மாறவில்லை. இன்றும் தைராய்டு மாத்திரையோடு கால்சியமும் வைட்டமின் டி வகை மாத்திரையும் விழுங்குகிறாள்.

குரல் விஷயமும் அப்படித்தான். குரல்நாண்களை அசைக்கும் நரம்பு இருபுறமும் சுரப்பிக்குப் பின்னாலேயே ஓடுகிறது. பாதி எடுத்தால் ஒரு பக்க நரம்புக்கு மட்டுமே ஆபத்து. முழுவதும் எடுத்தால் இரண்டுக்கும். பழகிய கைகளில் நிரந்தரப் பாதிப்பு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் என்பது உண்மை. ஆனால் டீச்சர் பாடுகிறவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன்: சுரப்பியின் மேல்முனைக்கு அருகில் மெல்லிய நரம்புக் கிளை ஒன்று உண்டு, அது பாதிக்கப்பட்டால் பேச்சு நன்றாகவே இருக்கும், ஆனால் உச்ச சுரம் எட்டாது, குரல் சீக்கிரம் களைத்துப்போகும். நீங்கள் பாடுகிறவர் என்பதை அறுவை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கத்தி வைப்பதற்கு முன்னால் குரல்நாண்களைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.

மணவாளக்குறிச்சி:

இழையின் போக்கை மாற்றுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, பின்னணிக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பது எல்லோரும் அறிந்தது. எங்கள் தெருவில் தைராய்டு இல்லாத வீடே இல்லை என்று சொல்லலாம். டீச்சரின் பிறந்த வீடும் இந்தப் பக்கமா? அப்படியென்றால் அந்தக் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு கூடாதா? இன்னொன்று, மரச்சீனிக் கிழங்கு தின்பதால்தான் கழலை வருகிறது என்று எங்கள் பாட்டி காலத்திலிருந்தே சொல்கிறார்கள்.

பழையாறு:

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கதிர்வீச்சுகளை ஒன்றாகக் குழப்பக் கூடாது. தைராய்டுப் புற்றுநோயோடு தொடர்பு உறுதியானவை, குழந்தைப் பருவத்தில் கழுத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு சிகிச்சையும், 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் பிள்ளைகள் பாலின் வழியாக உட்கொண்ட கதிரியக்க அயோடினும். அயோடினைத் தைராய்டு தேடிப் பிடித்துத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறது. மணலில் உள்ள தோரியம் அப்படித் தைராய்டில் சென்று சேர்வதில்லை. நம்மைப் போலவே மோனசைட் மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 1990 முதல் பெருந்திரளான மக்களைக் கணக்கெடுத்துத் தொடர்ந்து கவனித்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னணிக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோயும் கூடியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரு தைராய்டு என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சுரப்புக் குறைவாகத்தான் இருக்கும். கட்டி என்பது வேறு விஷயம். பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் கழுத்தில் அல்ட்ராசவுண்டு வைத்தால் ஏதாவது ஒரு முடிச்சு தென்படத்தான் செய்யும்.

மரச்சீனியில் இருந்து உடலில் உருவாகும் தயோசயனேட், அயோடின் தைராய்டுக்குள் போவதைத் தடுக்கிறது என்பது சரி. ஆனால் அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் அது கழலையாக மாறும். அயோடின் கலந்த உப்பும் கடல் மீனும் நம் அடுக்களையில் இருக்கும்வரை, மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடுவதற்கு டீச்சர் தயங்க வேண்டியதில்லை. எப்படியானாலும், இருக்கிற கட்டியை என்ன செய்வது என்ற கேள்விக்கு இவை எதுவும் விடை சொல்லப் போவதில்லை.

பேச்சிப்பாறை:

எல்லோரும் எதை எடுப்பது என்றே பேசுகிறீர்கள். எடுக்கத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. தென்கொரியாவில் 1999இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது, கூடவே கொஞ்சம் பணம் கொடுத்துக் கழுத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளும் பழக்கம் பரவியது. 2011இல் அங்கே தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அந்நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய கட்டிகளைத் தேடிப் பிடித்து அறுத்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள் இருக்க முடியும்? ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993 முதலே, புற்றுநோய் என்று உறுதியான சிறு கட்டிகளைக்கூட அறுக்காமல் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து கவனித்து வருகிறார்கள். பத்து ஆண்டுகளில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தவை நூற்றில் எட்டுதான். பக்கத்துத் திருவனந்தபுரத்திலும் பெண்களிடையே இந்நோய் பெருகியதாகப் பதிவாவதற்கு இதே காரணத்தைச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. கழுத்துவலிக்குப் போன டீச்சரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

முட்டம்:

பேச்சிப்பாறை தம்பி, கொரியாவின் கணக்கு நாட்டுக்குப் பொருந்தும்; ஒரு வீட்டுக்குப் பொருந்துமா? கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தெரியாததைப் போல இருக்க எந்தத் தாயால் முடியும்? காத்திருக்கச் சொல்வது எளிது; ஒவ்வொரு ஆறு மாதமும் ஸ்கேனுக்கு முந்தின இரவு தூங்காமல் கிடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பழையாறு:

இருவரும் சொல்வதில் ஒரு பாதியை ஏற்கிறேன். கொரியாவின் பாடம் உண்மை. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் வலியப் போய்த் தைராய்டு ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆனால் குமா மருத்துவமனையில் காத்திருந்தவர்கள், 1 செ.மீ. அளவுக்குள் அடங்கிய, பாப்பிலரி என்னும் வகைப் புற்றுநோய் என்று ஊசிப் பரிசோதனையில் தெரிந்த கட்டியுடையவர்கள். டீச்சருடையது 2.3 செ.மீ., வகையும் தெரியாது. ஃபாலிகுலர் என்னும் மற்றொரு வகைப் புற்றுநோயாக இருந்தால் அது நெறிகட்டிகளைவிட இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் செல்லக்கூடியது. எனவே அந்தக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துவைக்க முடியாது. அதற்காக நாளைக்கே அறுக்க வேண்டிய அவசரமும் இல்லை. இந்தக் கட்டிகள் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகர்பவை. யோசிப்பதற்கும் மறுபடி ஊசி போட்டுப் பார்ப்பதற்கும் டீச்சருக்கு நேரம் இருக்கிறது.

முழுவதும் எடுத்தால் ஒரே தடவையில் முடியும் என்ற வாதத்தையும் பார்ப்போம். பெதஸ்டா 3இல் ஐந்து பேருக்கு ஏறக்குறைய நான்கு பேர் புற்றுநோய் இல்லாதவர்கள். ஐவருக்கும் முழுவதையும் எடுத்தால், அந்த நால்வரும் தேவையில்லாமல் வாழ்நாள் முழுவதும் மாத்திரை போடுவார்கள். மீதி ஒருவருக்கும்கூட, 2015இல் வந்த அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் வழிகாட்டுதல், சுரப்பியைவிட்டு வெளியே பரவாத, 4 செ.மீ. வரையிலான கட்டிக்குப் பாதி எடுப்பதே போதுமானதாக இருக்கலாம் என்கிறது. தாழ்ந்த ஆபத்து உள்ளவர்களுக்குக் கதிரியக்க அயோடினும் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. ஆகவே அயோடின் கொடுக்க வசதியாக முழுவதையும் எடுக்கிறோம் என்பது, பெண்ணே பார்க்காமல் பந்தல் போடுவதாகும்.

சுவிட்சர்லாந்தின் கோக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல ஆசை. தைராய்டு அறுவையைப் பாதுகாப்பானதாக்கி 1909இல் நோபல் பரிசு பெற்றவர். முழுவதையும் எடுத்த தம் நோயாளிகள் மந்தமாகி, முகம் ஊதிப்போவதை 1883இல் அறிவித்தவரும் அவரே. இன்று அந்த நிலையைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் மாத்திரை இருக்கிறது என்பதே சுரப்பியை எடுப்பதற்குக் காரணமாகிவிடாது.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:

டீச்சர், முடி உதிர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எங்கள் கடையில் பெண்கள் மிகுதியாக வாங்குவது அதுதான். மிகுந்த அளவு பயோட்டின், பல ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். அளவை உண்மையைவிடக் குறைத்தும், தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். டி.எஸ்.எச். உண்மையாகவே குறைந்திருந்தால், அணு மருத்துவ ஸ்கேன் எடுத்து, கட்டி தானாகவே ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றுநோயாவது மிக அரிது. ஆகவே அந்த ஓர் எண் தவறினால் மொத்தப் பாதையுமே மாறிவிடும்.

கட்டியைக் கரைக்கத் தைராக்ஸின் மாத்திரை கேட்டும் சிலர் வருகிறார்கள். பழைய நாட்களில் அப்படிக் கொடுத்தது உண்டு. டி.எஸ்.எச். இயல்பாக இருப்பவர்களுக்கு இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. கட்டி பெரிதாகச் சுருங்குவதும் இல்லை, இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும்தான் மிச்சம்.

தக்கலை டீச்சர்:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. பயோட்டின் எதுவும் சாப்பிடவில்லை. குடும்பத்தில் யாருக்கும் தைராய்டுப் புற்றுநோய் இல்லை, சிறுவயதில் கதிர்வீச்சு சிகிச்சையும் பெற்றதில்லை.

பழைய கண்ணாடிச் சில்லுகளைக் கேட்டு வாங்கித் திருவனந்தபுரத்தில் வேறொரு நோய்க்குறியியலாளரிடம் காட்டினோம்; அவரும் மூன்று என்றே சொன்னார். பிறகு அங்கேயே மறுபடி ஊசி போட்டார்கள். இதற்குப் பயந்துகொண்டிருப்பவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன். தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்க வைத்தார்கள். அல்ட்ராசவுண்டுக் கருவியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தபடி, இரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியதைச் சாய்வாக இறக்கி, உள்ளேயே முன்னும் பின்னும் விரைவாக அசைத்தார்கள். அந்தச் சில நொடிகளில் எச்சில் விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. விழுங்காதீர்கள் என்று சொன்னவுடனே விழுங்கத் தோன்றுவதுதான் இதில் பெரிய சோதனை. வெவ்வேறு இடங்களில் எடுத்து, அங்கேயே சில்லில் தேய்த்து, ஒன்றைக் காற்றில் உலரவிட்டு இன்னொன்றைச் சாராயக் கரைசலில் போட்டார்கள். செல்கள் போதுமா என்று பக்கத்து அறையிலேயே ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே எழுந்திருக்கவிட்டார்கள். முதல் முறை வேறோர் இடத்தில் எடுத்தபோது ஸ்கேன் கருவியும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை; கையால் தடவிப் பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள்.

இந்த முறை முடிவு பெதஸ்டா 4, ஃபாலிகுலர் நியோபிளாசம். மூன்று போய் நான்கு வந்ததில் வீட்டில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழையாறு:

இடிந்துபோக வேண்டாம் டீச்சர். எண் கூடியதால் நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. நோய்க்குறியியலாளரால் இப்போது இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். நான்காம் வகுப்பில் புற்றுநோயின் சராசரி வாய்ப்பு 30 சதவீதம். எழுபது சதவீதம் இன்னமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வகுப்பில் ஊசிப் பரிசோதனையை மேலும் மேலும் செய்வதில் பயனில்லை. ஃபாலிகுலர் கட்டி தீங்கானதா இல்லையா என்பது செல்லின் முகத்தைப் பார்த்துத் தெரிவதல்ல. கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்து வெளியே வந்திருக்கிறதா, இரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதைக் கொண்டே தெரியும். ஊசி, செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கிறது, உறையை எடுத்துவருவதில்லை. முழுக் கட்டியும் கையில் கிடைத்து, உறையைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். அதனால்தான் இங்கே அறுவையே பரிசோதனையாகவும் ஆகிறது. அமெரிக்காவில் மரபணுப் பரிசோதனைகள் மூலம் இவர்களில் ஒரு பகுதியினரை அறுவையிலிருந்து காப்பாற்றுகிறார்கள். நம் பக்கத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் கட்டுப்படியாகாது.

தோவாளைப் பிச்சி:

டீச்சர், அறுவை நடக்கும்போதே கட்டியின் துண்டை உறைய வைத்துச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய் என்றால் அங்கேயே முழுவதையும் எடுத்துவிடலாம் என்று எனக்கும் சொன்னார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஃபாலிகுலர் கட்டியில் அந்த அவசரப் பரிசோதனை பெரும்பாலும் கைகொடுக்காது என்று இன்னொரு மருத்துவர் விளக்கினார். பழையாறு சார் சொன்ன அதே காரணம்தான். மயக்கத்தில் இருக்கும்போது முழுவதையும் எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்த நிலையில் எடுப்பார்கள் என்பதைத் தெளிவாக எழுதித்தரச் சொல்லுங்கள்.

பேச்சிப்பாறை:

பெதஸ்டா 4 என்றால் நானும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ரேடியோ அலையால் கட்டியைச் சுட்டுச் சுருக்கும் முறை பெரிய நகரங்களில் வந்திருக்கிறதே, கத்தியில்லாமல் அதைச் செய்யலாமா?

பழையாறு:

அது தீங்கற்றது என்று உறுதியான, உருவத்தால் தொந்தரவு தரும் கட்டிகளுக்கு நல்ல முறை. வகை தெரியாத கட்டியைச் சுட்டுவிட்டால், அது என்னவாக இருந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

முட்டம்:

டீச்சர், பாதி எடுப்பதற்கே இங்கே பெரும்பாலோர் சொல்கிறார்கள். என் மனம் இன்னும் முழுவதும் ஒப்பவில்லை என்றாலும், கால்சியம் விஷயத்தைப் பிச்சி தங்கை எழுதிய பிறகு நானும் யோசித்தேன். செலவைப் பற்றி ஒரு வார்த்தை: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, எங்களுக்கு உதவியது அதுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கான உதவி மேசை உண்டு. உங்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் காப்பீடு இருக்குமென்றால், நீங்கள் போகும் மருத்துவமனை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். மாநில எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

தக்கலை டீச்சர்:

வலப்பக்க மடலை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவைகள் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளாமல், வாரந்தோறும் செய்வதாகச் சொன்னார். ஆண்டுக்கு 25க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். நரம்பைக் கண்காணிக்கும் கருவி அங்கே இருக்கிறது. குரல்நாண்களைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டார்கள், இரண்டும் நன்றாக அசைகின்றன. புற்றுநோய் பரவியிருப்பது கண்ணுக்கே தெரிந்தாலன்றி மறுபக்கத்தைத் தொடுவதில்லை என்று சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பரவியது என்று அறிக்கை வந்தால் இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருக்கும் என்பதை வீட்டாரிடமும் சொல்லி வைத்துவிட்டேன்.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்:

நல்ல ஏற்பாடு. முதல் நாள் இரவில் கழுத்து திடீரென்று வீங்கி இறுகினாலோ மூச்சு முட்டினாலோ, பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே செவிலியரை அழைக்கும்படி துணைக்கு இருப்பவரிடம் சொல்லுங்கள். உள்ளே இரத்தம் கட்டுவது நூற்றில் ஒருவருக்கு நேரலாம்; அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்தான்.

தக்கலை டீச்சர்:

அறுவை நடந்து, நோய்க்குறியியல் அறிக்கையும் வந்துவிட்டது. ஃபாலிகுலர் அடினோமா, உறை முழுமையாக இருக்கிறது, இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவல் இல்லை. புற்றுநோய் இல்லை. முதல் வாரம் குரல் கரகரத்தது, இப்போது பேச்சு பழையபடி ஆகிவிட்டது. வகுப்பில் ஒலிவாங்கி வைத்துக்கொள்கிறேன். மேல்சுரம் இன்னும் முழுதாக வரவில்லை என்பதால் பாடகர் குழுவில் கீழ்க்குரல் வரிசையில் நிற்கிறேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்த டி.எஸ்.எச். 5.8. மாத்திரை தொடங்க வேண்டுமா?

பேச்சிப்பாறை:

மிகுந்த மகிழ்ச்சி டீச்சர். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை: புற்றுநோயே இல்லையென்றால், இந்த அறுவை தேவையில்லாமல் போயிற்றே?

பழையாறு:

இல்லை தம்பி. உறையைப் பார்த்த பிறகு தெரிந்ததை வைத்து, உறையைப் பார்க்காதபோது எடுத்த முடிவைத் தவறு என்று சொல்ல முடியாது. முழுவதையும் எடுத்திருந்தால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் வலு இருந்திருக்கும்.

டீச்சர், பாதி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சுரப்பு குறைவது வழக்கம். தைராய்டு எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடுதல். 5.8 என்பது சற்றே உயர்வுதான். மீதமுள்ள மடல் தன் வேலையைப் பெருக்கிக்கொள்ளச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். களைப்போ குளிர் தாங்காமையோ இல்லையென்றால், எதிர்ப்பொருளையும் தைராக்ஸின் அளவையும் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி சோதிக்கலாம் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வார்கள். உங்கள் மருத்துவரிடம் இதையே கேளுங்கள். மாத்திரை தொடங்க நேர்ந்தால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, சாயாவுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிட்டால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அடுத்த பரிசோதனையையும் அதே ஆய்வகத்தில், அதே காலை நேரத்தில் கொடுத்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட வசதியாக இருக்கும்.